என் புகாருக்கு அவரே அறிக்கை தருவாராம்

“தங்களது மனு, தக்க நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட மாவட்ட ஆணையத்திற்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்னும் விவரம் இதன்வழித் தெரிவிக்கப்படுகிறது.” நேற்று மாலை சென்னையிலுள்ள மாநில நுகர்வோர் ஆணையத்திலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். நான் புகார் எழுதியதே அந்தச் சம்பந்தப்பட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் தலைவரைப் பற்றித்தான். ‘பொருள்: தலைவரின் நடத்தை குறித்து’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். கோடு போட்ட இடத்தைப் பார்த்துத்தான் யாரோ ஒரு புண்ணியவான் விலாசம் எழுதியிருக்க வேண்டும்.

4,350 ரூபாய் மிக்ஸிக்கு 14 மாதங்களில் 11 வாய்தா. மிக்ஸியின் கதையைச் சொல்லப்போவதில்லை. அது எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கத் தேவையில்லை, நாமே வாதாடலாம் என்று சொல்லப்பட்டதை நம்பிப் போனேன். வாதாடலாம்தான், வாயைத் திறக்க விட்டால்.

ஏழாவது வாய்தாவை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். காலை 10.30 என்று போட்டிருந்தார்கள். தலைவர் இருக்கையில் அமர்ந்தபோது மணி 11.50. என் எண்ணைக் கூப்பிட்டபோது 12.40. நான் எழுந்து, கோப்பைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி முடிப்பதற்குள் எதிர்த்தரப்பின் ஜூனியர் வக்கீல் நான்கு தாள்களை நீட்டி, “எதிருரை தாக்கல் செய்கிறோம், ஐயா” என்றார். நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு தன் எழுத்துப் பதிலான எதிருரையைத் தர வேண்டும், ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் நீட்டிக்க அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. அவர் நீட்டியது 193ஆவது நாள்.

“ஐயா, 45 நாள்தான்...” என்று தொடங்கினேன். தலைவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, “உட்காருங்க” என்றார். “ஐயா, சட்டத்தில்...” என்றேன். “சட்டம் எங்களுக்குத் தெரியும், உட்காருங்க.” உட்கார்ந்தேன். மனம் கேட்காமல் மறுபடி எழுந்து, “என் ஆட்சேபத்தையாவது பதிவு செய்யுங்கள், ஐயா” என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எழுத்தரைப் பார்த்து, “அடுத்தது” என்றார். மற்றவர்களுக்கு அது அடுத்த வழக்கு, எனக்கு அடுத்த வாய்தா. மொத்தமும் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதில் பாதி, நான் உட்கார்ந்து எழுந்த நேரம்.

பரிசோதனை தேவைப்படாத முறையீட்டை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு. ‘முயல’ என்ற சொல்லைப் போட்ட புத்திசாலி யாரோ தெரியவில்லை. அவருக்கும் மிக்ஸி பழுதாகட்டும். வாய்தா கொடுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நகல் வாங்கிப் பார்த்தேன்: ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று 11 முறை இருக்கிறது, காரணம் ஒரு முறைகூட இல்லை.

எதிருரையை ஏற்றதற்கு மாநில ஆணையத்தில் சீராய்வு மனு போடலாமே என்றார் சட்டம் படித்த மைத்துனர். போடலாம், மிக்ஸியின் விலையைப் பேருந்துக்கும் ஓட்டலுக்கும் கொடுத்துவிட்டு. தீர்ப்பில் குறை என்றால் மேல்முறையீடு செய்வேன், தீர்ப்பு வந்தால்தானே? மாவட்ட ஆணையத் தலைவர், உறுப்பினர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்து மாநில அரசுக்கு அறிக்கை அனுப்பும் பொறுப்பை 70ஆம் பிரிவு மாநில ஆணையத்திடம் கொடுத்திருப்பதால், அதன்படி தேதி வாரியாக 12 பக்கம் எழுதி அனுப்பினேன். அந்த 12 பக்கமும் சென்னையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உட்காருங்க” என்றவரின் மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டன. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணான்தான் விசாரணை அதிகாரி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. “சார், உங்க புகாருக்கு நாங்கதான் அறிக்கை அனுப்பணுமாம். மேலேருந்து வந்த நகல்ல எழுத்தே தெரியலை. தெளிவா ஒரு செட் கொண்டாந்து குடுத்துடுங்களேன்” என்றார் எழுத்தர், மிகுந்த மரியாதையோடு. எப்போது வேண்டும் என்று கேட்டேன். “அவசரமில்லை சார், அடுத்த வாய்தாவுக்கு வருவீங்கல்ல, அப்பக் கொண்டாங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். 12 பக்கம், பக்கம் 2 ரூபாய்.