2500 மடங்கு மைக்ராஸ்கோப்புல வைரஸ் தெரியுமா?

"2500 மடங்கு மைக்ராஸ்கோப் வாங்குனா வீட்லயே கொரோனா வைரஸ பாக்கலாம்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. பொய்ங்க. சாதா வெளிச்சத்துல சுமார் 0.2 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கம்மியான இடைவெளிய லென்ஸால பிரிச்சு காட்ட முடியாது, இத ஜெர்மன் இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் அபே 1873லயே சொல்லிட்டாரு, கொரோனா வைரஸோ ஏறக்கொறைய 0.1 மைக்ரான்தான். அப்புறம் அந்த 2500 எப்டி வருதுன்னா, எண்ணெய் சொட்டு விட்டு பாக்குற 100 மடங்கு ஆயில் லென்ஸுக்கு மேல, கண்ண வெச்சு பாக்குற 25 மடங்கு ஐபீஸ சொருகிருவாங்க, அவ்ளோதான், படம் பெருசாகும் ஆனா கலங்கலா இருக்கும். லென்ஸ் மேல 100க்கு பக்கத்துல 1.25னு பொறிச்சிருக்கும் பாருங்க, அதுதான் என்ஏ, லென்ஸ் எவ்ளோ அகலமா வெளிச்சத்த வாங்குதுங்கற எண், அதோட ஆயிரம் மடங்கு, அதாவது 1250 வரைக்கும்தான் உருப்படியான பெருக்கம். குட்டத் தண்ணியில ஓடுற பாரமீசியம்ங்கற ஒரு செல் உயிருக்கு 100 மடங்கே தாராளம், 400 போனா உள்ள தண்ணிய வெளிய தள்ற வேக்குவோல்ங்கற சின்ன பை சுருங்கி விரியறதே தெரியும், என்னக் கேட்டா வைரஸ விட அதுதான் செம. யூஎஸ்பி மாடல்ல போடுற 1600லாம் பெரும்பாலும் ஸ்கிரீன் சைஸையும் சேத்து சொல்ற கணக்கு.