எலுமிச்சையும் சமையல் சோடாவும் முகத்துக்கு வேண்டாம்

"எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா கலந்து தினமும் பூசுங்கள், கரும்புள்ளிகள் மறையும், இயற்கைப் பொருள் என்பதால் பக்கவிளைவு இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. தயவுசெய்து முகத்தில் பூசிப் பார்க்காதீர்கள்.

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5. எலுமிச்சைச் சாறு சுமார் 2, சோடாக் கரைசல் 8-க்கு மேல். இரண்டுமே தோலுக்கு ஒத்துவராதவை. சரி, கலந்ததும் நுரைக்கிறதே? அது வெறும் கார்பன் டை ஆக்சைடு, அழுக்கு வெளியேறும் அடையாளம் அல்ல. கலவை சரியாகச் சமன்படாவிட்டால் மிஞ்சும் அமிலமோ காரமோ தோலை உறுத்தும்.

பெரிய ஆபத்து வெயிலில்தான். எலுமிச்சை இனப் பழங்களில் ஃபுரானோகூமரின் என்ற வேதிப்பொருட்கள் உள்ளன. சாறு பட்ட தோலில் புற ஊதாக் கதிர் விழுந்தால், ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம்கூட வரலாம். அப்புறம் அந்த இடம் கருத்துப்போய், மாதக்கணக்கில் மாறாமல் இருக்கும். கரும்புள்ளி போக வேண்டும் என்று பூசியவருக்கே புதிய கரும்படை!

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், சில நாட்கள் வெயிலைத் தவிருங்கள். கொப்புளம் வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

செலவில்லாமல் ஏதாவது செய்ய வேண்டுமென்றால், நன்கு பொடித்த ஓட்ஸைத் தண்ணீரில் குழைத்துப் பூசலாம். அரிப்பையும் வறட்சியையும் தணிக்கும். நிறத்தை மாற்றாது.