ட்ரிப் ஏத்தினா அடைப்பு கரையுமா?

"இருபது ட்ரிப் ஏத்தினா இதய அடைப்பு கரைஞ்சிடும், பைபாஸே வேணாம்"னு மேல போட்டிருக்கீங்க அண்ணே. அந்த மருந்து ஈடிடிஏ. காரீய (லெட்) நஞ்சுக்கு அது முறையான அலோபதி வைத்தியம்தான். காரீயத்தைப் பிடிச்சு சிறுநீர்ல வெளியேத்தும். அடைப்புக்கு இல்லை. 2013ல 1,708 பேரை வச்சு வந்த ஆய்வுல கொஞ்சம் பலன் தெரிஞ்சது நிஜம், முக்கியமா சர்க்கரைக்காரங்களுக்கு. மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள்கிட்டயே திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. 2024ல வந்த முடிவு: ரத்தத்துல காரீயம் நல்லா இறங்குச்சு, மாரடைப்பு குறையலை. ஈடிடிஏவுல டைசோடியம்ங்கிற வகையை வேகமா ஏத்தினா ரத்தத்துல கால்சியம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்து.

கும்பகோணம் ஈயச்சொம்புல ரசம் வச்சா காரீயம் ஏறும்னு அதையும் இதுல இழுத்திருக்கீங்க. அது வெள்ளீயம் (டின்)ணே, காரீயம் இல்லை! எங்க வீட்டுல ரசத்தை ஊத்தாம அடுப்புல வைக்க மாட்டாங்க, உருகிடும். காரீயம் கலந்திருக்குமோன்னு சந்தேகம்னா முதல்ல ரத்தத்துல காரீய அளவைப் பாருங்க, ட்ரிப் அப்புறம்.