பெஞ்சுக்குப் பதில் பூந்தொட்டி

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பெஞ்சுகளைக் கழற்றியதைப் பற்றி நேற்று ஒரு படம் போட்டேன், அதற்குக் கீழே ஒரே சண்டை. பன்னிரண்டாவது மாடித் தோட்டத்தில் மின்தூக்கிக்கு எதிரே இருந்த இரண்டு பெஞ்சுகளையும் கழற்றிவிட்டார்கள். போல்ட்டு இருந்த ஓட்டைகளை மறைத்து இப்போது பூந்தொட்டி. கிழவிகள் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்தார்களாம். அந்தக் கிழவிகளில் ஒருவர் என் மாமியார்.

சரி, கோபப்படாமலே சொல்கிறேன். வீடு எடுக்கும்போது காட்டிய படத்தில் கீழே கடை, அதற்கு மேல் கிளினிக், பாலர் பள்ளி, நடுவில் தோட்டம், அதில் சிரித்துப் பேசும் பாட்டிகள். வானத்தில் ஒரு கம்பம், அதாவது அந்தக் காலத்துக் கிராமம், என்றார்கள். படத்தில் பாட்டி பேசினால் கம்பம், நிஜத்தில் பேசினால் இரைச்சலா?

நான் வளர்ந்தது தோ பாயோவில், மூவறை வீடு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்போம், எங்கள் வாசலைத் தாண்டாமல் மின்தூக்கிக்குப் போக முடியாது, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்காமலும் போக மாட்டார். கீழே வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த தரைத்தளத்தில், ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம். அப்பா போனபோது அவரையும் அங்கேதான் கிடத்தினோம், அன்றைக்கு நாற்காலி தூக்கிப் போட்டவர்கள் யார் யார் என்று இப்போதும் சொல்வேன். அங்கே தூணும் கல்மேசையும் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் உட்கார இடம் இருந்தது. நான் கேட்பதும் அதுதான்.

"பழங்கதை பேசாதீங்க, இந்த ஊரில் மேலேதானே கட்ட முடியும்" என்று ஒருவர் வருவார். ஐயா, உயரம் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? கம்போங் அட்மிரல்ட்டி என்ற கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள். மூத்தோருக்கு 104 வீடுகள், அதே கட்டடத்தில் உணவங்காடி, மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு, மேலே தோட்டம். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். விருது கிடக்கட்டும். கீழே மழை படாத திறந்த சதுக்கம், காப்பி குடிக்க வருகிறவரும் டாக்டரைப் பார்க்க வருகிறவரும் பேரனைக் கூட்டிப்போக வருகிறவரும் குறுக்கே நடக்கிற இடம். டாசன் வட்டாரத்தில் ஸ்கைவில் என்ற அடுக்குமாடியைக் கட்டியபோது 80 வீட்டுக்கு ஒரு தோட்டம் என்று பிரித்தார்கள். 80 வீடு என்றால் முகமாவது பழகும். எங்களுக்கு மொத்த புளோக்குக்கும் ஒன்றே ஒன்று, அதிலும் இப்போது நின்றுகொண்டேதான் பழக வேண்டும்.

இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் என்ன செய்வார் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா" என்று ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே? படம் பிடித்துச் செயலியில் புகார் அனுப்ப நேரம் இருக்கிறது, பத்தடி நடக்கத்தான் நேரமில்லை. சொல்லியிருந்தால் அத்தை மெதுவாகப் பேசியிருப்பார், மறுநாள் வடையும் கொடுத்துவிட்டிருப்பார்.

எங்கள் புளோக் பசுமைக் கட்டடமாம். சாயங்காலம் நாலு பேர் வெளியே காற்றாட உட்கார்ந்தால் நாலு வீட்டில் ஏர்கான் ஓடாது. இதை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? இப்போது அத்தை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஏர்கானில் சீரியல் பார்க்கிறார். தொட்டியில் செடி மட்டும் ஜோராக இருக்கிறது.

அத்தையோடு ஒரு சீனப் பாட்டி உட்காருவார். இவருக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேரும் பாசார் மலாயில், அதாவது சந்தையில் பேசும் கொச்சை மலாயில், மூட்டுவலியைப் பற்றியே மாசக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். சரி, அவரை வீட்டுக்குக் கூப்பிடலாமே, எந்த மாடி என்று கேட்டேன். தெரியாதாம். பெயர்? அதுவும் தெரியாது. அஞ்சு மணிக்கு வருவார், அவ்வளவுதான் தெரியும் என்கிறார்.

நேற்று அஞ்சு மணிக்கு அத்தை அந்தப் பூந்தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். அரைமணி நேரம். சேலையில் மண்ணோடு வந்தார்.