கச்சா எண்ணெய் பாதியானால் பெட்ரோலும் பாதியாகாது

கச்சா எண்ணெய் விலை பாதியாகியும் பெட்ரோல் பாதியாகவில்லை, மிச்சத்தை பங்க் உரிமையாளர் விழுங்குகிறார் என்கிறீர்கள். கணக்கு அப்படி ஓடாது. பல நாடுகளில் கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுகிறது. கச்சா எண்ணெய் எவ்வளவு சரிந்தாலும் அது அசையாது. சுத்திகரிப்பு, போக்குவரத்துச் செலவுகளும் கூடவே இறங்கிவிடுவதில்லை.

லிட்டர் விலை 100 என்று வையுங்கள். அதில் கச்சா எண்ணெய் 40, மற்றவை 60. அந்த 40 பாதியானால் விலை 80 ஆகும், 50 அல்ல. சதவீதத்தில் விதிக்கும் விற்பனை வரி இருந்தால் இன்னும் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

பங்க் உரிமையாளருக்குக் கிடைப்பது பொதுவாகச் சிறு பங்கு. சந்தேகப்படத்தான் வேண்டுமென்றால், விலை சரிந்த நேரம் பார்த்து அரசு கலால் வரியை உயர்த்தியதா என்று பாருங்கள், அது நடப்பதுண்டு.