‘ஒலிம்பியா’வில் எது போட்டி நாளில் எடுத்தது, எது இல்லை

ஒலிம்பிக்ஸ் வந்துவிட்டால் போதும், டைம்லைன் முழுக்க ‘ஒலிம்பியா’ துண்டுகள் சுற்ற ஆரம்பித்துவிடும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை வைத்து நாஜி ஜெர்மனியில் லெனி ரீஃபன்ஸ்டால் இயக்கிய ஆவணப்படம் அது. வானத்தில் மிதக்கும் டைவர்கள், கால்கள் மட்டும் தெரியும் மாரத்தான், அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் முகம். மேலே தவறாமல் ஒரு வரி: “1936 பெர்லின், அரிய நேரடிக் காட்சி.” உலகின் முதல் ஒலிம்பிக் ஆவணப்படம் என்று கூடவே ஒரு பட்டமும் கொடுத்துவிடுவார்கள்.

பட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 1912 ஸ்டாக்ஹோம் போட்டிகளையே விரிவாகப் படமெடுத்திருக்கிறார்கள். 1924 பாரிஸுக்கும் 1928 ஆம்ஸ்டர்டாமுக்கும் முழுநீளப் படங்கள் இருக்கின்றன. 1928 குளிர்கால ஒலிம்பிக்கைப் படமாக்கிய ஆர்னால்ட் ஃபாங்க்தான் லெனி ரீஃபன்ஸ்டாலை மலைப் படங்களில் நடிக்க வைத்தவர். ஹான்ஸ் எர்ட்ல், குஸ்ஸி லான்ட்ஷ்னர் போன்ற கேமராக்காரர்களும் மலையிலும் பனிச்சறுக்கிலும் கை பழகி வந்தவர்கள். ஓடுகிற, குதிக்கிற உடம்பை வானத்துக்கு எதிரே வைத்துப் பிடிக்கும் வித்தையை அங்கே கற்றுக்கொண்டுதான் பெர்லின் மைதானத்துக்குள் நுழைந்தார்கள்.

“நேரடிக் காட்சி” என்பதுதான் பெரிய சிக்கல். ‘ஒலிம்பியா’வில் போட்டியின்போது எடுத்தது, பயிற்சியின்போது எடுத்தது, போட்டி முடிந்தபின் மறுபடி நடத்தி எடுத்தது, ஸ்டூடியோவில் சேர்த்தது என நான்கும் கலந்து கிடக்கின்றன. எங்கேயும் அறிவிப்புப் பலகை கிடையாது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் படத்தைப் புகழ்வதும் வீண், திட்டுவதும் வீண்.

கோலூன்றித் தாண்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 5 அன்று நடந்த இறுதிப் போட்டி இருட்டிய பிறகும் முடியவில்லை. கடைசியில் அமெரிக்காவின் எர்ல் மெடோஸ் 4.35 மீட்டர் தாண்டி ஜெயித்தார். ஜப்பானின் நிஷிதாவும் ஓயேவும் 4.25. மைதான விளக்கு வெளிச்சம் பார்வையாளர் கண்ணுக்குப் போதும், ஃபிலிமுக்குப் போதாது. கணக்கு எளிது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் கேமராவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 48-இல் ஒரு நொடி வெளிச்சம் கிடைக்கும். ஸ்லோ மோஷனுக்காக 96 ஃபிரேமுக்கு ஏற்றினால் அது 192-இல் ஒரு நொடியாகச் சுருங்கிவிடும். அதே லென்ஸ், அதே ஃபிலிம், ஆனால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். அன்றைய ஃபிலிமின் வேகத்துக்கு இரவில் அது நடக்கிற காரியமே இல்லை. என்ன செய்தார்கள்? மறுநாள் இரவு அமெரிக்க, ஜப்பானிய வீரர்களை மீண்டும் அழைத்து, விளக்குப் போட்டு, தாண்ட வைத்து எடுத்தார்கள். படத்தில் நம் மூச்சை நிறுத்துகிற அந்த இரவுக் காட்சியில் அதுவும் கலந்திருக்கிறது. முடிவு ஏற்கெனவே தெரிந்த போட்டி.

மாரத்தான் இன்னும் நுட்பமானது. ஆகஸ்ட் 9. ஓடுகிறவனின் கண்ணிலிருந்து கீழே பார்ப்பதுபோல் கால்களும் நிழலும் சாலையும் தெரியும் ஷாட்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். கேமராக்காரர் வால்டர் ஃப்ரென்ட்ஸ் செய்த வேலை அது. கையடக்கக் கேமராவை ஒரு சின்னக் கூடையில் வைத்து, பயிற்சி ஓட்டத்தின்போது ஓட்டக்காரரின் கழுத்தில் தொங்கவிட்டார்கள். போட்டி நாளில் இதற்கு வழியே இல்லை. 42 கிலோமீட்டர் ஓடப்போகிறவன் கழுத்தில் எவன் எடையை மாட்டிக்கொள்வான்? எடிட்டிங்கில் இந்தப் பயிற்சித் துண்டுகளை நிஜ ஓட்டத்தோடு மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். களைப்பு கூடக் கூடக் கால்கள் மெதுவாகும், ஹெர்பர்ட் விண்ட்டின் இசை மட்டும் விடாமல் முன்னால் இழுத்துக்கொண்டே போகும். உடம்பு தோற்கிறது, மனம் விடவில்லை என்ற உணர்வு வெட்டிலும் இசையிலும் பிறப்பது. பிரமாதமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் நாம் பார்க்கிற அந்தக் கால்கள் ஜெயித்தவனின் கால்கள்தான் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது.

ஜெயித்தவர் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவைச் சேர்ந்தவர். 2 மணி 29 நிமிடம் 19.2 நொடியில் முடித்த சோன் கீ-சுங்கை ஜப்பான் தன் கொடியின் கீழ், ‘கிதேய் சோன்’ என்று ஜப்பானிய உச்சரிப்பில் பெயரெழுதி ஓடவிட்டது. படமும் அவரை ஜப்பானியராகவே காட்டிவிட்டுப் போகிறது. கொரியாவில் ‘தோங்-ஆ இல்போ’ நாளிதழ் அவர் சட்டையில் இருந்த ஜப்பான் கொடியை அழித்துப் படத்தை வெளியிட்டதற்காக மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. ஒரு சின்னக் கொடியை அழித்தவர்களுக்குத் தண்டனை, ஓட்டத்தையே வேறொன்றாக வெட்டித் தைத்தவர்களுக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் முசோலினி கோப்பை.

பயிற்சி ஷாட்டைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. கேமரா இருக்கும் இடத்தைப் பாருங்கள். போட்டி விதி அங்கே கேமராவை அனுமதித்திருக்குமா? துடுப்புப் படகுப் போட்டியில், பின்முனையில் உட்கார்ந்து கத்தி அணியை வழிநடத்துகிற காக்ஸின் முகம் திரை முழுக்க வருகிறது. அவ்வளவு கிட்டே கேமரா இருக்க வேண்டுமானால் படகுக்குள் ஒரு கேமராக்காரர் இருந்தாக வேண்டும். பதக்கத்துக்குப் போகிற எந்த அணியும் ஒரு ஆளின் எடையைச் சும்மா சுமக்காது. நீச்சல்காரரின் முகத்துக்கு முன்னாலேயே தண்ணீர் மட்டத்தில் போகும் கேமராவும் அப்படித்தான். அடுத்து, பின்னணி. கூட்டமும் நடுவர்களும் பக்கத்துப் பாதை ஓட்டக்காரரும் இல்லாமல் வெறும் வானமோ தண்ணீரோ மட்டும் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

ஆனால் வானம் தெரிந்தாலே போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மைதானத்தில் குழி வெட்டி, அதற்குள் கேமராவோடு இறங்கி எடுத்த ஷாட்கள் பல போட்டி நாளிலேயே எடுத்தவை. குழியால் இரண்டு லாபம்: கேமராக்காரர் யார் பார்வையையும் மறைக்க மாட்டார், கீழிருந்து பார்ப்பதால் தாண்டுகிறவர் வானத்தின் மீது எழுவார். அதிகாரிகள் இதையே முணுமுணுப்போடுதான் அனுமதித்தார்கள். 100 மீட்டர் பாதையின் ஓரத்தில் தண்டவாளம் போட்டு, ஓட்டக்காரர்களோடு சேர்ந்து தானாகப் பாயும் கேமரா ஒன்றை எர்ட்ல் தயார் செய்தார். போட்டியில் அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். இன்றைக்கு எல்லா ஓட்டத்திலும் நாம் பார்க்கும் ஓரத் தண்டவாளக் கேமராவுக்கு அதுதான் முன்னோடி.

எர்ட்லின் டைவிங் கேமராவைத் தனியாகச் சொல்ல வேண்டும். குதிக்கிறவரைக் காற்றில் தொடர்ந்து, அவரோடு தானும் தண்ணீருக்குள் போய், மேலே வரும்வரை விடாமல் பிடிப்பது அவர் திட்டம். தண்ணீருக்குள் வெளிச்சம் சட்டென்று குறையும், அதனால் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, அகலத் திறக்க வேண்டும். தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது 4 மீட்டரில் இருப்பது 3 மீட்டரில் இருப்பதாகத் தெரியும், அதனால் ஃபோகஸையும் மாற்ற வேண்டும். இரண்டையும் மூச்சை அடக்கிக்கொண்டு, ஆளை ஃபிரேமிலிருந்து நழுவ விடாமல், ஓரிரு நொடிக்குள் செய்ய வேண்டும். ஒன்று தப்பினாலும் ஷாட் குப்பைக்கு. இதற்குத் தொப்பியைக் கழற்றலாம். ஆனால் படத்தின் முடிவில் வரும் டைவிங் பகுதி போட்டியே அல்ல. போகப் போகப் பெயரில்லை, நாடில்லை, புள்ளியில்லை. சில ஷாட்கள் பின்னோக்கி ஓடுகின்றன. அதைப் போட்டிப் பதிவு என்று பகிர்வது சுத்த அபத்தம்.

ஒலி? மைதானத்தில் பதிவானதில் பெரும்பகுதி உதவவில்லை. கூட்டத்தின் ஆரவாரம், குதிரையின் மூச்சு, காலடி என எல்லாம் பிறகு ஸ்டூடியோவில் உண்டாக்கிச் சேர்த்தது. வர்ணனையாளர்கள் பரபரப்பாகப் பேசுவதும் முடிவு தெரிந்தபின் பேசியதுதான்.

இவ்வளவையும் செய்ய என்ன செலவாகும் என்று யோசியுங்கள். ஏறக்குறைய 4 லட்சம் மீட்டர் ஃபிலிம் எடுத்தார்கள். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 27 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். அப்படியென்றால் சுமார் 240 மணி நேரம். முடிந்த படம் இரண்டு பாகமும் சேர்த்து மூன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டி. எடுத்ததில் அறுபது மீட்டருக்கு ஒரு மீட்டர்கூடத் தங்கவில்லை. ஸ்லோ மோஷன் ஃபிலிமைத் தின்றுதீர்க்கும்: சாதாரண வேகத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் வரும் 120 மீட்டர் ரோல், 96 ஃபிரேமில் 66 நொடியில் காலி. ரோல் மாற்றும் நேரத்தில் சாதனைத் தாண்டல் நடந்துவிட்டால் போயே போச்சு, அதனால் ஒரே போட்டிக்குப் பல கேமரா வேண்டும். எடிட்டிங் முடிந்து, 1938 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளன்று படம் வெளியானது. எந்தத் தனியார் தயாரிப்பாளர் இப்படிச் செலவழிப்பார்? ஒலிம்பியா-ஃபிலிம் நிறுவனம் அரசுப் பணத்தில், அரசு முன்னால் தெரியக் கூடாது என்பதற்காகவே தொடங்கப்பட்ட முகமூடி என்பது ஜெர்மன் ஆவணக் காப்பகக் காகிதங்களில் இருக்கிறது. ரீஃபன்ஸ்டால் 2003-இல் சாகும்வரை சுதந்திரமான தயாரிப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஓவன்ஸை அவ்வளவு அழகாகக் காட்டியிருக்கிறாரே, இதில் எங்கே இனவெறி?” என்று ஒருவர் நிச்சயம் கமெண்டில் கேட்பார். 800 மீட்டர் இறுதிக்கு ஜெர்மன் வர்ணனையைப் போட்டுக் கேளுங்கள். இரண்டு கறுப்பு ஓட்டக்காரர்கள் வெள்ளை இனத்தின் வலுவானவர்களுக்கு எதிராக ஓடுகிறார்கள் என்றுதான் அறிமுகமே. காட்டாமல் விட்டதையும் கேட்க வேண்டும். உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்த யூத வீராங்கனை கிரெட்டல் பெர்க்மனை போட்டிக்குச் சில வாரம் முன்பு அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். தங்கம் போனதும் அதே 1.60-க்குத்தான். உயரம் தாண்டுதலைப் படம் அழகாகக் காட்டும், அந்தக் காலி இடத்தைக் காட்டாது.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாட்டை எடுக்க நினைக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா எங்கே நின்றது என்று கேட்டபடி. முடிவுகளையும் தேதிகளையும் ஏற்பாட்டுக் குழுவின் அதிகாரப்பூர்வ அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொன்று: ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு என்று தனித்தனி வடிவங்கள் வெளியாகின, ஹிட்லர் வரும் ஷாட்கள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இல்லை. யூடியூபில் இருக்கும் பிரதிகளில் பல பின்னாளில் வெட்டியவை. பகிர்வதற்கு முன் எந்த வடிவம், எவ்வளவு நிமிடம் என்பதையாவது எழுதிவிட்டுப் பகிருங்கள்.