ஆன்டிபாடி குறைந்தால் பாதுகாப்பு போய்விட்டது என்று யார் சொன்னது?

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும், தடுப்பூசி பற்றிய அந்த விவாதக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். லிங்க் போடப் போவதில்லை, உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "ஆறு மாதத்தில் ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்துத் தடுக்கும் புரதம்) இறங்கிவிடுகிறது, அப்புறம் எதற்கு ஊசி?" என்று அதில் பேசியவர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. சரி, அதையாவது கேள்வி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்து, "எலியின் எலும்பை உடைத்து செல் எண்ணுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள்" என்றாரே, அது வலித்தது. என் வேலையே அதுதான். எலும்பு மஜ்ஜையில், ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களைத் தேடி எண்ணுவது. அதனால் பதில் சொல்கிறேன்.

ரத்தத்தில் ஆன்டிபாடி குறைவது வேறு, பாதுகாப்பு இல்லாமல் போவது வேறு. குடத்தில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்துவிட்டுக் கிணறு வற்றிப்போச்சு என்று யாராவது சொல்வோமா?

நடப்பது இதுதான். தடுப்பூசி போட்டதும் நிணநீர் முடிச்சுகளில் அதற்குப் பொருத்தமான பி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பெருகும். ஒரு பகுதி அவசரமாக பிளாஸ்மா செல்களாக மாறி ஆன்டிபாடியைக் கொட்டும். அந்த முதல் கூட்டத்தில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிடும். ரத்தத்தில் சுற்றும் முக்கிய வகையான ஐஜிஜி ஆன்டிபாடியின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் மூன்று வாரம்தான். தயாரித்த செல்கள் போய்விட்டால் அளவு இறங்கத்தானே செய்யும்? இறங்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். இதற்கிடையே வேறு சில பி செல்கள் நிணநீர் முடிச்சிலேயே வாரக்கணக்கில் தங்கி, கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்படி தேறுகின்றன. அவற்றில் சில, அதே கிருமி மறுபடி வந்தால் வேலை செய்யக் காத்திருக்கும் நினைவு செல்களாகின்றன. சில பிளாஸ்மா செல்களாகி எலும்பு மஜ்ஜைக்குப் போய்க் குடியேறுகின்றன. அங்கே உட்கார்ந்து, ஒவ்வொரு செல்லும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடி மூலக்கூறுகளை வெளியே விடுகிறது. வருடக்கணக்கில்.

இது நேற்று யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை. ஆன்டிபாடியைச் சுரப்பது பிளாஸ்மா செல்தான் என்று அஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் ஸ்வீடனில் எழுதியது 1948இல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், இந்தச் செல்கள் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள்தான் உயிரோடு இருக்கும் என்றே பலரும் நம்பினார்கள். 1997, 1998 வாக்கில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் அந்த நம்பிக்கையை உடைத்தன. மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் இரண்டாகப் பிரிந்து பெருகாமலே, புதிதாக வரவு இல்லாமலே, மாதக்கணக்கில் வாழ்கின்றன என்று காட்டினார்கள். எதை வைத்து? எலியை வைத்துத்தான். அவர் சிரித்த அதே எலியின் எலும்பை வைத்து.

மனிதர்களிடம் காட்டு என்பீர்கள். 2007இல் ஒரு ஆய்வு வந்தது. 45 பேரின் ரத்த மாதிரிகளை, சிலருடையதை 26 வருடங்கள் வரை, தொடர்ந்து பார்த்தார்கள். டெட்டனஸ் ஆன்டிபாடி பாதியாகக் குறைய சுமார் 11 வருடம். தட்டம்மை ஆன்டிபாடி இறங்கிய வேகத்தைக் கணக்கிட்டால், பாதியாக 200 வருடங்களுக்கு மேல் ஆகும். மூன்று வாரத்தில் பாதி அழிந்துபோகும் ஒரு புரதம் வாழ்நாள் முழுக்க ரத்தத்தில் இருக்கிறது என்றால், எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த 'எங்கிருந்தோ' எது என்று தேடுவதைத்தான் அவர் செல் எண்ணுவது என்கிறார்.

"ஊசி போட்டும் எனக்குக் கொரோனா வந்ததே" என்று கீழே வந்து எழுதுவீர்கள். வந்தது, மறுக்கவில்லை. வைரஸ் உருமாறியது. மூக்கில் நுழையும் கிருமியை அங்கேயே தடுக்க, ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி மட்டும் போதாது. இன்னொன்றையும் நானே சொல்கிறேன்: கொரோனாவுக்கு எதிரான நீண்டகால பிளாஸ்மா செல்கள், ஊசி போட்டவர்களின் மஜ்ஜையில் எதிர்பார்த்த அளவு குடியேறவில்லை என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது. எல்லாத் தடுப்பூசியும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார்? மேடையில் மைக் பிடித்தவர்களா? மஜ்ஜையை எடுத்துப் பார்த்தவர்கள். எது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை, ஏன் என்று தெரிந்தால்தான் அடுத்த ஊசியை மேலும் நன்றாகச் செய்ய முடியும்.

"இதையெல்லாம் எளிமையாகச் சொல்லக் கூடாதா" என்பவர்களுக்கு: இதற்கு மேல் எளிமையாக்கினால் பொய்யாகிவிடும்.

என் சித்திக்கு மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் வந்தது. அதுவும் பிளாஸ்மா செல்தான், கட்டுப்பாடு இழந்து பெருகும் பிளாஸ்மா செல். மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, "நீ படிக்கிறியே, அந்தச் செல்லுதானாடா இது?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குக் கொடுத்த போர்டெசோமிப், செல் தன் கழிவுப் புரதங்களை உடைத்து அகற்றும் வழியை அடைக்கும் மருந்து. ஓயாமல் புரதம் தயாரிக்கும் செல்லுக்கு அந்த அடைப்பு தாங்காது. பிளாஸ்மா செல் எப்படி வேலை செய்கிறது என்று யாரோ பல வருடம் குனிந்து பார்த்ததால்தான் எனக்கு அது புரிந்தது. அந்த மருந்தால் சித்தி இன்னும் சில வருடங்கள் எங்களோடு இருந்தார். அந்த வேலையைக் கேலி செய்து ஒருவர் கைதட்டு வாங்கும்போது நான் சும்மா இருக்க வேண்டுமா?

எனக்கு வலித்ததைக்கூட விட்டுவிடலாம். நேற்று இரவு உள்பெட்டியில் ஒரு பெண் கேட்டார். அவருக்கு ரிடுக்சிமாப் என்ற மருந்தைத் தொடங்கப் போகிறார்கள். அதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொன்ன தடுப்பூசிகளை, இந்தக் காணொளியைப் பார்த்தபின் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாராம். ரிடுக்சிமாப் சிடி20 என்ற அடையாளம் உள்ள பி செல்களை அழிக்கும். முதிர்ந்த பிளாஸ்மா செல்லில் அந்த அடையாளம் இல்லை, அதனால் முன்பே மஜ்ஜையில் குடியேறியவை பெரும்பாலும் தப்பிவிடும். சிகிச்சை தொடங்கிய பிறகு போட்டால், பிளாஸ்மா செல்லாக மாறுவதற்கு பி செல்லே இருக்காது. அவர் மருத்துவர் முன்கூட்டியே போடச் சொன்னது இதனால்தான். விட்டுவிடாதீர்கள், உங்கள் மருத்துவரிடமே மறுபடி பேசுங்கள் என்று எழுதினேன். இன்னும் எத்தனை பேர் யாரிடமும் கேட்காமலே முடிவெடுத்தார்களோ!

காணொளியைப் பகிர்ந்த நண்பர்களே, அதை நீக்கச் சொல்லவில்லை. இதையும் அதன் கீழே போடுங்கள். காணொளியில் பேசியவருக்கும் சொல்கிறேன்: உங்கள் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஆய்வுக் கட்டுரைகள் வேண்டுமென்றால் இன்றைக்கே அனுப்புகிறேன்.